நடனத்துக்கு யாரை அழைத்து வரலாம்? ஹால் எதிர் பவர்ஸ் (2002)

2002 மே 10, வெள்ளிக்கிழமை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், டொராண்டோவுக்குக் கிழக்கே ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஒஷாவா நகரம். ஜெனரல் மோட்டார்ஸ் கார் தொழிற்சாலையை நம்பி வளர்ந்த ஊர். அங்கே மான்சிக்னர் ஜான் பெரெய்மா என்ற கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளியின் மாணவர்களுக்கு அன்று மாலை பிராம் நடனம். வாடகைக் கோட்டு, பூச்செண்டு, லிமோசின் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. 17 வயது மார்க் ஹால் மட்டும் நீதிபதியின் உத்தரவுக்காகக் காத்திருந்தான். அவனோடு வரவேண்டிய துணை 21 வயது இளைஞர், அவனுடைய காதலர். அந்தத் துணையோடு வரக்கூடாது என்று பள்ளி சொல்லிவிட்டது. நடனம் தொடங்கச் சில மணி நேரம் இருக்கும்போது உத்தரவு வந்தது: அவனைத் தடுக்கக்கூடாது.

மதம் சார்ந்த பள்ளி, தன் நடன விழாவுக்கு ஒருபாலின ஜோடி வருவதைத் தடுக்கலாமா? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் இந்த வழக்கை எடுத்துக்காட்டுகிறார்கள். பெரும்பாலும் 'மதச் சுதந்திரமா, சமத்துவமா, சமத்துவம் வென்றது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். தீர்ப்பைப் பொறுமையாகப் படித்தால் அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. என் பார்வையில் இந்த வழக்கைத் தீர்மானித்தது இறையியல் அல்ல. பள்ளிக்குப் பணம் யார் கொடுக்கிறார்கள் என்பதும், அந்த நடனம் உண்மையில் என்ன மாதிரி நிகழ்ச்சி என்பதும்தான்.

நடந்தது

பிராம் என்பது நம் ஊர்ப் பிரிவு உபசார விழா மாதிரி என்று சொன்னால் பாதிதான் சரி. வடஅமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பு முடிகிறது என்பதற்கான அடையாளமே அந்த ஒரு இரவுதான். டிக்கெட் வாங்கவேண்டும், துணை ஒருவரை அழைத்துப் போகலாம். அந்தத் துணை அதே பள்ளியில் படிக்கவேண்டும் என்பதில்லை.

மார்க் ஹால் தன்பாலீர்ப்பாளன் என்பது பள்ளியில் தெரிந்த விஷயம். அவன் அதை ஒளித்து வைக்கவில்லை. பெற்றோரும் அவன் பக்கம் நின்றார்கள். காதலரோடு வரலாமா என்று கேட்டபோதுதான் முதல்வர் மைக்கேல் பவர்ஸ் மறுத்தார். மறுப்புக்கு அவர் சொன்ன காரணத்தைக் கவனிக்கவேண்டும். அவன் தன்பாலீர்ப்பாளனாக இருப்பது தடை இல்லை. நடனத்தில் காதலர்களாக இருவர் நடந்துகொள்வது ஒருவகைப் பாலியல் செயல்பாடு. அதற்கு அனுமதி கொடுத்தால் திருச்சபையின் போதனைக்கு எதிரான நடத்தையைப் பள்ளியே ஆதரிப்பதாக ஆகிவிடும். இதுதான் வாதம். மார்க் தனியாக வரலாம், துணையோடு வரக்கூடாது. ஒஷாவா வட்டாரத்தின் கத்தோலிக்கப் பள்ளிகளை நிர்வகிக்கும் டரம் கத்தோலிக்கக் கல்விச் சபையும் ஏப்ரலில் முதல்வரின் முடிவுக்கு ஆதரவாக நின்றது.

மார்க் மைனர் என்பதால் தன் பெயரில் நேரடியாக வழக்குப் போட முடியாது. அவன் சார்பில் வழக்குக் காப்பாளராக நின்றவர் ஜார்ஜ் ஸ்மிதர்மன். 1999-இல் ஒன்டாரியோ சட்டமன்றத்துக்குத் தேர்வானவர். தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன முதல் உறுப்பினர். வழக்கறிஞர் டேவிட் கார்பெட். முதல்வரும் கல்விச் சபையும் பிரதிவாதிகள். விசாரித்தவர் ஒன்டாரியோ உயர் நீதிமன்ற நீதிபதி ராபர்ட் மெக்கினன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடவேண்டும், பலர் தவறவிடும் இடம் இது. மெக்கினன் எழுதியது இறுதித் தீர்ப்பு அல்ல, இடைக்கால ஆணை. முழு விசாரணை பின்னால் வரும் என்ற கணக்கில், அதுவரை யாருக்குச் சாதகமாக நிலைமையை வைப்பது என்று மட்டும் பார்க்கும் கட்டம். கனடாவில் அதற்கு மூன்று கேள்விகள்: விசாரிக்கத்தக்க கனமான பிரச்சினை இருக்கிறதா, ஆணை தராவிட்டால் ஈடுசெய்ய முடியாத இழப்பு வருமா, இரண்டு பக்கக் கஷ்டத்தையும் தட்டில் வைத்தால் எந்தப் பக்கம் தாழும். நடனமோ ஒரே இரவு. அன்று இரவு போனால் போனதுதான். இடைக்கால ஆணையே ஏறக்குறைய கடைசி ஆணை மாதிரி ஆகிவிடும். ஆகையால் நீதிபதி வழக்கின் பலத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே எடைபோட வேண்டியிருந்தது.

பள்ளியின் வாதம், அதன் முழு பலத்தோடு

கல்விச் சபையின் வாதத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒன்டாரியோவின் கத்தோலிக்கப் பள்ளிகள் வெறும் தனியார் அமைப்புகள் அல்ல. 1867-இல் நாடு உருவானபோது, கியூபெக்கில் சிறுபான்மையாக இருந்த புராட்டஸ்டன்ட்களுக்கும் ஒன்டாரியோவில் சிறுபான்மையாக இருந்த கத்தோலிக்கர்களுக்கும் அவரவர் பள்ளிகள் இருக்கும் என்ற உடன்பாடு இல்லாமல் கூட்டாட்சியே அமைந்திருக்காது. அந்த உடன்பாடுதான் 1867 அரசியல் சட்டத்தின் 93-ஆம் பிரிவு. இணைப்பின்போது மதப் பள்ளிகளுக்குச் சட்டப்படி இருந்த உரிமைகளையும் சலுகைகளையும் மாகாணச் சட்டம் பாதிக்கக்கூடாது என்கிறது அது.

1982-இல் உரிமைகள் சாசனம் வந்தபோதும் இது தொடப்படவில்லை. சாசனத்தின் 29-ஆம் பிரிவு மதப் பள்ளிகளின் பழைய உரிமைகள் அப்படியே இருக்கும் என்று தெளிவாகச் சொல்கிறது. 1984-இல் ஒன்டாரியோ முதலமைச்சர் பில் டேவிஸ், மாகாணத்தின் கத்தோலிக்க மேல்நிலை வகுப்புகளுக்கும் முழு அரசு நிதி என்று அறிவித்தார். அதற்கான சட்டம் 1986-இல் நிறைவேறியது. ஒரு மதத்துக்கு மட்டும் நிதி கொடுப்பது சமத்துவத்துக்கு முரண் இல்லையா என்ற கேள்வி கனடா உச்ச நீதிமன்றம் வரை போனது. 1987-இல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது. அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை வைத்து இன்னொரு பகுதியை வெட்ட முடியாது என்பதுதான் அதன் சாரம்.

சபைக்குக் கையில் இன்னொரு ஆயுதமும் இருந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியை, மணவிலக்குப் பெற்ற ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டதால் வேலையில் தொடர முடியாமல் போனது. 1984-இல் உச்ச நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது. கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர் என்பவர் பாடம் மட்டும் சொல்பவர் அல்ல, வாழ்ந்து காட்டவேண்டியவர் என்ற வாதத்தை ஏற்றுக்கொண்டது.

ஆக, சபையின் நிலையைச் சுருக்கினால் இப்படி வரும். கத்தோலிக்கக் கல்வி என்பது மதப் பாட வகுப்போடு முடிவதில்லை. காலைச் செபம் முதல் ஆண்டு விழா வரை எல்லாவற்றிலும் அது ஊறியிருக்கவேண்டும். எது கத்தோலிக்கம், எது இல்லை என்பதைத் தீர்மானிக்க வேண்டியது திருச்சபை, நீதிபதி இல்லை. இதை மறுத்தால் 93-ஆம் பிரிவு வெறும் கட்டடத்தைக் காப்பாற்றும், உள்ளே இருப்பதைக் காப்பாற்றாது.

சத்தியமாகச் சொன்னால், இதைப் படிக்கும்போது எனக்குச் சட்டென்று பதில் தோன்றவில்லை.

நீதிபதி எங்கே கை வைத்தார்

மெக்கினன் 93-ஆம் பிரிவை ஒதுக்கித் தள்ளவில்லை. அதற்குள்ளேயே போய் இரண்டு கேள்விகள் கேட்டார். 1867-இல் சட்டப்படி இப்படி ஓர் உரிமை இருந்ததா? இருந்தாலும், அது பள்ளியின் மதத்தன்மையோடு ஒட்டிய உரிமையா, அல்லது பள்ளியை நடத்துவதில் எல்லாப் பள்ளிக்கும் பொதுவான சாதாரண நிர்வாக விஷயமா? முன்னதற்குத்தான் பாதுகாப்பு. கத்தோலிக்கச் சபை செய்வதாலேயே எல்லாமே கத்தோலிக்க உரிமை ஆகிவிடாது.

இந்த இடத்தில்தான் நடனத்தின் தன்மை வழக்கின் மையத்துக்கு வந்தது. அவர் அதை ஒவ்வொன்றாக அளந்து பார்க்கிறார். நடனம் திருப்பலி இல்லை. மதக் கல்வியின் பகுதியும் இல்லை. பாடத்திட்டத்தில் இல்லை, மதிப்பெண் இல்லை. நடப்பதுகூடப் பள்ளி வளாகத்தில் இல்லை. அப்படியானால் இந்த இரவில் ஒருவனை வாசலில் நிறுத்தாவிட்டால் கத்தோலிக்கக் கல்வியின் எந்தப் பகுதி உடைகிறது?

அடுத்தது சபையின் மதச் சுதந்திரம். மார்க் தன் காதலரோடு வந்து ஆடினால் யாரும் தன் நம்பிக்கையை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. போதனையைச் சபை நாளையும் வகுப்பில் சொல்லலாம். நம்புவதற்கான சுதந்திரம் அகலமானது, நம்பிக்கையின்படி அடுத்தவர் மேல் செயல்படும் சுதந்திரம் அதைவிடக் குறுகலானது. இந்த வேறுபாட்டை முந்தைய ஆண்டுதான், 2001-இல், டிரினிட்டி வெஸ்டர்ன் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்த வழக்கில் மதப் பல்கலைக்கழகம் வென்றது என்பது சுவாரசியமான விஷயம். தோற்ற பக்கத்துக்குப் பயன்பட்டிருக்கவேண்டிய வாக்கியம் அடுத்த ஆண்டு ஒஷாவாவில் வேலை செய்தது.

சமத்துவம் பற்றி அதிகம் விவாதிக்கத் தேவை இருக்கவில்லை. சாசனத்தின் 15-ஆம் பிரிவில் பாலீர்ப்பு என்ற சொல் இல்லைதான். ஆனால் 1995-லேயே உச்ச நீதிமன்றம் அதையும் அந்தப் பட்டியலோடு ஒப்பான காரணமாகச் சேர்த்துவிட்டது. 1998-இல் டெல்வின் வ்ரீண்ட் வழக்கு வந்தது. எட்மன்டனில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரி அவரை வேலைநீக்கம் செய்ததில் தொடங்கிய வழக்கு. ஆல்பர்ட்டாவின் மனித உரிமைச் சட்டத்தில் பாலீர்ப்பைச் சேர்க்காமல் விட்டதே சாசனத்துக்கு விரோதம் என்றது உச்ச நீதிமன்றம். ஒன்டாரியோவிலோ 1986 முதலே மனித உரிமைச் சட்டத்தில் அது இருக்கிறது.

சபை தன் போதனையை எப்படிப் பயன்படுத்தியது என்பதையும் பார்க்கவேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2357 முதல் 2359 வரையான மூன்று பத்திகள்தான் இந்த விஷயத்துக்கு ஆதாரம். 2357 தன்பாலுறவுச் செயல்களைத் தவறு என்கிறது. அடுத்த பத்தி, இந்த ஈர்ப்பு உள்ளவர்களை மரியாதையோடும் இரக்கத்தோடும் ஏற்றுக்கொள்ளவேண்டும், அவர்களுக்கு எதிரான நியாயமற்ற பாகுபாட்டின் சாயல்கூட வரக்கூடாது என்கிறது. மூன்றாவது, அவர்கள் கற்புநெறிக்கு அழைக்கப்பட்டவர்கள் என்கிறது. அந்தக் கற்புநெறி தன்பாலீர்ப்பாளர்களுக்கு மட்டும் விதித்தது இல்லை. திருமணத்துக்கு வெளியே எந்த உறவும் தவறு என்பதுதான் திருச்சபையின் போதனை. அப்படியென்றால் பள்ளியின் 'பாலியல் செயல்பாடு' வாதம் அந்த மண்டபத்துக்குள் வந்த ஆண்–பெண் ஜோடிகளுக்கும் பொருந்தவேண்டும். அவர்களும் பதினேழு, பதினெட்டு வயதுதான், யாருக்கும் கல்யாணம் ஆகவில்லை, மெதுவான பாட்டுக்குக் கட்டிப்பிடித்துத்தான் ஆடுவார்கள். அந்த ஆட்டம் வெறும் ஆட்டம், இந்த ஆட்டம் மட்டும் பாலியல் செயல் என்றால், அந்த வேறுபாடு 2359-இலிருந்து வரவில்லை. என்னைப் பொறுத்தவரை சபையின் வழக்கு உடைந்த இடம் இதுதான்.

1867 எவ்வளவு தூரம் வரும்?

93-ஆம் பிரிவை அன்றைய தேதியில் உறையவைத்துப் படித்தால் என்ன ஆகும் என்று யோசிக்கும்போது, ஒன்டாரியோ வரலாற்றிலிருந்தே ஓர் உதாரணம் நினைவுக்கு வருகிறது. 1850-ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டம் கத்தோலிக்கர்களுக்கு மட்டும் தனிப் பள்ளி தரவில்லை, கறுப்பினத்தவருக்கும் தனிப் பள்ளிகளை அனுமதித்தது. நடைமுறையில் அது கறுப்பினக் குழந்தைகளை வெளியே நிறுத்துவதற்கான வழியாக ஆனது. அந்தச் சட்டப் பிரிவு 1964 வரை புத்தகத்தில் இருந்தது. மாகாணச் சட்டமன்றத்தின் முதல் கறுப்பின உறுப்பினர் லெனர்ட் பிரெய்த்வெய்ட் எழுந்து பேசிய பிறகுதான் எடுத்தார்கள். கடைசித் தனிப் பள்ளி மூடப்பட்டது 1965-இல். 1867-இல் சட்டப்படி செய்ய முடிந்தது என்பதே ஒரு செயலுக்கு நிரந்தரக் கவசம் என்றால், அந்தக் கவசத்துக்குள் எதெல்லாம் வந்து உட்காரும் என்பதற்கு இது போதும்.

மறுபக்கம், 93-ஐ அரித்துக்கொண்டே போனால் மிச்சம் என்ன என்ற கவலையும் நியாயம்தான். 1999-இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, ஒன்டாரியோவில் கத்தோலிக்கப் பள்ளிக்கு மட்டும் நிதி கொடுத்து, தன் பிள்ளைகளை யூதப் பள்ளிக்கு அனுப்பிய ஒரு தகப்பனுக்கு மறுப்பது பாகுபாடு என்று கூறிவிட்டது. கத்தோலிக்கச் சபைகள் அந்த மூன்றாண்டுகளில் இரண்டு பக்கமும் அடி வாங்கிக்கொண்டிருந்தன. ஒஷாவாவில் அவர்கள் இவ்வளவு இறுக்கமாக நின்றதற்கு இதுவும் பின்னணி என்றே நினைக்கிறேன்.

எனக்கு ஒட்டாத பகுதி

ஆணையின் முடிவு சரி. ஆனால் போகிற வழியில் நீதிபதி ஒரு காரியம் செய்தார். கத்தோலிக்கர்களுக்குள்ளேயே இந்த விஷயத்தில் ஒருமித்த கருத்து இல்லை என்பதைச் சாட்சியங்களிலிருந்து எடுத்து, அதற்கு எடை கொடுத்தார். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத் தோன்றும். யோசித்தால் ஆபத்து. ஒரு மதத்தில் எது சரியான போதனை என்று நீதிமன்றம் பார்க்கத் தொடங்கினால் அது எங்கே நிற்கும்? கத்தோலிக்கத்தில் கருத்து வேறுபாடு இல்லாத விஷயம் எது? ஒரே குடும்பத்தில் பாட்டி ஒன்று சொல்வாள், பேத்தி ஒன்று சொல்வாள். ஆனால் சபைக்கு ஆயர்கள் சொல்வதுதானே போதனை.

இரண்டு ஆண்டு கழித்து, 2004-இல், மான்ட்ரியல் அடுக்ககம் ஒன்றில் பால்கனியில் யூதர்கள் பண்டிகைக் குடில் கட்டலாமா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது: மதக் கோட்பாட்டுக்கு நடுவராக இருப்பது நீதிமன்றத்தின் வேலை இல்லை, நம்பிக்கை உளமார்ந்ததா என்று மட்டும் பார்க்கவேண்டும். அது தனிமனிதர் நம்பிக்கை பற்றியது, ஓர் அரசு நிதிச் சபையைப் பற்றியது அல்ல என்பது உண்மை. ஆனாலும் மெக்கினனின் காரணங்களில் அந்தப் பகுதி இன்று எழுதப்பட்டால் நிற்காது என்று தோன்றுகிறது. அது இல்லாமலேயே அவருடைய ஆணை நிற்கும் என்பதுதான் வேடிக்கை. சபையின் போதனை என்ன என்பதில் சந்தேகமே வேண்டாம், அது அவர்கள் சொல்வதுதான் என்று ஒப்புக்கொண்டே, இந்த நடனத்தில் அதற்கு வேலை இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

'ரத்து செய்யவும் கூடாது'

ஆணையில் அதிகம் பேசப்படாத வரி ஒன்று உண்டு. மார்க்கையும் அவன் காதலரையும் தடுக்கக்கூடாது என்பதோடு நீதிபதி நிற்கவில்லை. நடனத்தையே ரத்து செய்யவும் கூடாது என்று சேர்த்தார். ஒரு நீதிபதி பள்ளிக்கு 'நடனம் நடத்து' என்று சொல்வது விநோதமாகத் தெரியலாம். அந்த வரி எவ்வளவு அவசியம் என்பது எட்டு ஆண்டு கழித்து அமெரிக்காவின் மிசிசிப்பியில் தெரிந்தது.

2010, இடவாம்பா மாவட்டத்தின் ஓர் அரசுப் பள்ளி. மதப் பள்ளி அல்ல. கான்ஸ்டன்ஸ் மெக்மில்லன் என்ற மாணவி தன் காதலியோடு, ஆண்கள் விழாவுக்குப் போடும் டக்சீடோ கோட்டு அணிந்து வரக் கேட்டாள். பள்ளி மாவட்டம் நடனத்தையே ரத்து செய்துவிட்டது. அவள் வழக்குப் போட்டாள். மார்ச்சில் கூட்டாட்சி நீதிமன்றம் அவளுடைய பேச்சுரிமை மீறப்பட்டது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் பெற்றோர்கள் தனியாக ஒரு நடனம் ஏற்பாடு செய்கிறார்கள், எல்லோரும் அதற்கு வரலாம் என்று சொல்லப்பட்டதால், நடனத்தை நடத்தச் சொல்லி ஆணை தரவில்லை. நடந்தது என்ன? அவளுக்குச் சொல்லப்பட்ட இடத்துக்குப் போனால் அங்கே அவளையும் சேர்த்து ஒரு கைப்பிடிப் பேர். மற்ற எல்லோரும் வேறொரு இடத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். பின்னால் 35,000 டாலர் கொடுத்துச் சமரசம் ஆனது. பணம் கிடைத்தது, அந்த இரவு கிடைக்கவில்லை. 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்று சட்டப் புத்தகத்தில் படிக்கும்போது உயிரில்லாமல் இருக்கும் சொற்களுக்கு இதைவிடத் தெளிவான உரை வேண்டுமா?

அமெரிக்காவில் இதற்கெல்லாம் முன்னோடி 1980-இல் ரோட் ஐலண்டில் வந்த ஆரன் ஃப்ரிக் வழக்கு. அதுவும் அரசுப் பள்ளிதான். கலவரம் வரும், அடிதடி ஆகும் என்பது முதல்வரின் காரணம். அடிப்பவர்களைத் தடுக்கப் பாதுகாப்புப் போடுங்கள், அடிபடப் போகிறவனை வீட்டில் இருக்கச் சொல்லாதீர்கள் என்ற பொருளில் தீர்ப்பளித்தார் நீதிபதி ரேமண்ட் பெட்டைன். அவர் கத்தோலிக்கர்.

பணம் யாருடையது

இந்த இரண்டு அமெரிக்க வழக்குகளையும் மதப் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போனால் வேலைக்கு ஆகாது. அங்கே மதப் பள்ளிகள் தனியார் பள்ளிகள், அரசியல் சட்டம் அரசைத்தான் கட்டுப்படுத்தும். 1972-இன் கல்விச் சமத்துவச் சட்டமான டைட்டில் 9-லும் மத அமைப்பின் கட்டுப்பாட்டில் உள்ள பள்ளிகளுக்கு விலக்கு இருக்கிறது. கலிபோர்னியாவில் ஒரு லூத்தரன் மேல்நிலைப் பள்ளி, இரண்டு மாணவிகள் காதலிக்கிறார்கள் என்ற சந்தேகத்திலேயே வெளியேற்றியது. வணிக நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் அந்த மாகாணத்தின் பாகுபாட்டுத் தடைச் சட்டம் இந்தப் பள்ளிக்குப் பொருந்தாது, இது வணிக நிறுவனம் இல்லை என்று 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடனத்துக்குக் கூட்டிவருவது எங்கே, பள்ளியை விட்டே அனுப்புவது எங்கே! அதுவே செல்லும் என்றால் நடனத் தடையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஆஸ்திரேலியாவில் 1984-ஆம் ஆண்டுப் பாலினப் பாகுபாட்டுச் சட்டத்திலேயே மதப் பள்ளிகளுக்கு விலக்கு எழுதப்பட்டிருக்கிறது. 2008-இல் பிரிஸ்பேனில் ஓர் ஆங்கிலிக்கன் ஆண்கள் பள்ளி விஷயத்தில் இதே சர்ச்சை எழுந்தது. அந்த விலக்குகளைப் பெரும்பாலும் நீக்கவேண்டும் என்ற சட்டச் சீர்திருத்த ஆணையத்தின் அறிக்கை 2024 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. இங்கிலாந்தில் 2010 சமத்துவச் சட்டம் மதப் பள்ளிகளுக்கு மாணவர் சேர்க்கையில் மத அடிப்படையில் சலுகை தருகிறது. பாலீர்ப்பை வைத்து மாணவரை வேறாக நடத்தச் சலுகை தரவில்லை.

ஒஷாவா பள்ளியை இவற்றிலிருந்து பிரிப்பது பணம். அது கத்தோலிக்கப் பள்ளி, ஆனால் ஊதியம் முதல் மின்கட்டணம் வரை வரிப்பணம். மெக்கினன் இதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார்: அரசு நிதியில் நடக்கும், சட்டத்தால் உருவான கல்விச் சபை சாசனத்துக்குப் பதில் சொல்லவேண்டும். இன்னொரு விஷயமும் உண்டு. முழு நிதியோடு வந்த நிபந்தனை, ஒன்டாரியோவின் கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளி எந்த மதப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பது. டரம் வட்டாரத்தில் ஏஜாக்ஸ், பிக்கரிங் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் மட்டுமா, திருநீறு பூசும் வீட்டுப் பிள்ளைகளும் ஒழுங்கு நன்றாக இருக்கும் என்று கத்தோலிக்கப் பள்ளிக்குப் போகிறார்கள். கதவை எல்லோருக்கும் திறந்துவிட்டு, உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் ஒரே மதச் சமூகம் என்று வாதிடுவது கஷ்டம்.

முழுத் தனியார் மதப் பள்ளி என்றால் கனடாவிலேயே கணக்கு மாறும். 2015-இல் மான்ட்ரியலின் லயோலா என்ற ஜேசுசபைத் தனியார் பள்ளி, கத்தோலிக்கத்தைக் கத்தோலிக்கப் பார்வையிலிருந்தே சொல்லிக்கொடுக்க உரிமை கேட்டு உச்ச நீதிமன்றத்தில் வென்றது. அதே டிரினிட்டி வெஸ்டர்ன் 2018-இல் மறுபடி வந்தபோது, ஆண்–பெண் திருமணத்துக்கு வெளியே பாலுறவு கூடாது என்று மாணவரிடம் உறுதிமொழி வாங்கும் சட்டக் கல்லூரிக்கு வழக்கறிஞர் அமைப்புகள் அங்கீகாரம் மறுத்தது செல்லும் என்று ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் முடிந்தது. அங்கேயும் உறுதிமொழியை யாரும் தடை செய்யவில்லை. பொது அங்கீகாரம் தரவேண்டியதில்லை என்றார்கள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு

மார்க் ஹால் அன்று இரவு போனான், ஆடினான். முழு விசாரணை மூன்று ஆண்டு இழுத்தது. 2005 ஜூனில் அவன் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். அதே கோடையில்தான் கனடா நாடாளுமன்றம் ஒருபாலினத் திருமணத்தை நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது. வழக்கு போனதில் சட்டத்துறை ஆட்களுக்கு ஏமாற்றம். 93-ஆம் பிரிவும் 15-ஆம் பிரிவும் மோதினால் என்ன என்ற கேள்வி மேல்முறையீட்டுக்கே போகாமல் நின்றுவிட்டது. ஆனால் பள்ளி முடித்து மூன்று வருடமான பையனிடம், எங்கள் முன்னுதாரணத்துக்காக இன்னும் நீதிமன்றத்தில் உட்கார் என்று எப்படிக் கேட்பது?

நீதிமன்றம் விட்ட இடத்தைச் சட்டமன்றம் கொஞ்சம் நிரப்பியது. 2012-இல் ஒன்டாரியோவின் 'ஏற்கும் பள்ளிகள்' சட்டம் வந்தது. மாணவர்கள் கேட்டால் தன்பாலீர்ப்பாளர் ஆதரவு மன்றத்தை அரசு நிதி பெறும் எந்தப் பள்ளியும் அனுமதிக்கவேண்டும், கத்தோலிக்கப் பள்ளி உட்பட. மன்றத்தின் பெயரில் தன்பாலீர்ப்பாளரைக் குறிக்கும் 'கே' என்ற ஆங்கிலச் சொல் இருக்கக்கூடாது என்று சொல்லவும் முடியாது. அந்தச் சொல்லுக்காகத்தான் அப்போது பெரிய சண்டையே.

2023 மே மாதத்தில் டொராண்டோவுக்கு வடக்கே உள்ள யார்க் கத்தோலிக்கக் கல்விச் சபை, தன் அலுவலகத்தில் தன்பாலீர்ப்பாளர் ஆதரவுக்கான வானவில் கொடி ஏற்றுவதில்லை என்று வாக்கெடுத்து முடிவு செய்தது. உடனே பலர் ஹால் வழக்கை நினைவுபடுத்தினார்கள். எனக்கு அது பொருந்தும் என்று படவில்லை. கொடிக்கம்பம் சபையுடையது, அதில் ஏற்றும் கொடி சபை தன் வாயால் சொல்வது. அங்கே 'நாங்கள் ஆதரிப்பதாக ஆகிவிடும்' என்ற வாதத்துக்கு இடம் இருக்கிறது. வாடகை மண்டபத்தில், டிக்கெட் வாங்கிக்கொண்டு, தன் துணையின் தோளில் கை வைத்து ஆடும் பதினேழு வயதுப் பையன் சபையின் சார்பில் எதையும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.